யோகம் கற்பிப்பவரின் தனி வழி



நம் இளைஞர்கள் சிலர் யோகாசனப் பயிற்சியில் சான்றிதழ் பெற்று, பள்ளிகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் கற்பிக்கத் தொடங்கியுள்ளனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும், தாம் கற்ற வரிசையை அப்படியே ஒப்பிப்பதுதான் கற்பித்தல் என்று அவர்களுள் பலர் எண்ணுகின்றனர். அது குறித்தே சில சொல்ல விழைகின்றேன்.

மைசூர் அரண்மனை யோகசாலையில் 1933 முதல் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்றவர்களைப் பாருங்கள். பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே தங்கி, மூச்சோடு இணைத்து ஆசனங்களைத் தொடர்ச்சியாகச் செய்யும் முறையை வளர்த்தார். இளமையில் காசநோயால் நலிந்த பி.கே.எஸ். ஐயங்கார் 1937இல் புனே சென்று, மரக்கட்டை, வார், கயிறு, நாற்காலி ஆகியவற்றின் துணைகொண்டு இயலாதவரையும் ஆசனத்தில் நிறுத்தும் வழி கண்டார். ஆசானின் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய யோக மந்திரத்தில், வருபவரின் நிலை அறிந்து தனித்தனியே பயிற்சி வகுத்தனர். ஆசான் ஒருவர், வழிகள் மூன்று. ஒன்று சொல்ல வேண்டும்: இம்மூவர்க்கும் அக்கலையின் வாயில் பிறப்பாலேயே திறந்திருந்தது. நமக்கு அவ்வாறில்லை. ஆகவே, எதிரில் நிற்பவரின் உடலை நாம் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும்.

நம் மக்களின் உடல் உழைத்து வளைந்த உடல். நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்ட தாய்க்கு, முதல் நாளே பச்சிமோத்தானாசனம் எதற்கு? மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி முதுகுக்கு ஓய்வு தரும் நிலையே அவருக்கு முதலில் வேண்டும். மெல்ல நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனம் பின்னர் வரட்டும். செங்கற்சூளையில் தலைச்சுமை சுமந்த கழுத்தின் மீது சிரசாசனத்தை ஏற்றலாகாது. குந்தி அமர்வதை நம் பாட்டிமார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நகரத்தில் அதற்குக் கட்டணம் வாங்குகின்றனர்!

பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரம் முக்கியம். வெறும் வயிற்றில் செய்க என்று நூல்கள் கூறும். வெறும் வயிறு வேறு, பசித்த வயிறு வேறு. காலையில் உண்ணாது வரும் குழந்தையை வழிபாட்டுக் கூட்டத்தில் மூச்சடக்கச் சொன்னால் மயங்கி விழும். உண்டவுடன் செய்வதும் தகாது. மதிய உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து வரும் கடைசிப் பாடவேளையே ஏற்றது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறுகின்றேன். மற்றப் பிள்ளைகளின் தோளைக் கையால் திருத்திவிட்டு, நம் பிள்ளையின் முதுகைப் பிரம்பு நுனியால் திருத்திய ஆசிரியர் ஒருவரை நான் கண்டதுண்டு. அப்பிள்ளைக்கு அன்று ஆசனம் விளங்கவில்லை. வேறொன்று நன்கு விளங்கிற்று. கற்பிக்கப் போகும் இளைஞரே, தொடுவதற்கு முன் கேளுங்கள். எவரையும் ஒரே வகையில் தொடுங்கள். வேண்டாம் என்பாருக்குச் சொல்லால் திருத்துங்கள். வடமொழிப் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். "மூச்சை விடு, தோளைத் தளர்த்து" என்னும் தமிழே உடலுக்கு எட்டும்.

ஒவ்வொருவர்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் குறிப்பேடு எழுதுங்கள்: என்ன வேலை செய்பவர், எங்கு வலி, எந்த நிலையில் மூச்சுத் தடைப்பட்டது, எதை நிறுத்தினீர். ஆறு திங்கள் எழுதினால், சான்றிதழ் வகுப்பில் பெற்ற வரிசை தானாகவே மாறியிருக்கும். பயிற்சிக்கு விலையுயர்ந்த விரிப்பு வேண்டா. மடித்த போர்வை போதும். கழகக் கூடம் மாலை ஆறு மணிக்குப் பின் ஒழிந்தே கிடக்கின்றது. சாவி செயலாளரிடம் உள்ளது.