சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?
(அலுவலக ஊழியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



“நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு ஓய்வு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. வாரத்திற்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஒரு பெரிய கம்பெனியின் தலைவர் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. ஏழு நாளும் வேலை செய்தாலும் தினம் ஏறக்குறைய 13 மணி! சமையல் யார் செய்வது, பிள்ளையை யார் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

40 மணி வாரம் என்ற கோட்பாட்டை சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1935லேயே ஏற்றது. அன்று கம்ப்யூட்டர் கிடையாது. இன்று பல பேரேடுகளின் வேலையைக் கம்ப்யூட்டர் நொடியில் முடிக்கிறது. மிச்சமான நேரம் எங்கே போயிற்று? ஊழியர் வீட்டுக்கு வரவில்லை; நிர்வாகத்தின் லாபக் கணக்கில் ஏறிவிட்டது.

வங்கி ஊழியர் விஷயத்தைப் பாருங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985ல் ஐந்து நாள் வாரம் வந்தது. எல்.ஐ.சி.க்கு 2021ல் வந்தது. வங்கிகளுக்கோ 2015 செப்டம்பரில் மாதம் இரண்டு சனிக்கிழமைகள் மட்டுமே கிடைத்தன. மற்றச் சனிக்கிழமைகளும் விடுமுறை என்று 2024 மார்ச்சில் நிர்வாகமும் சங்கங்களும் உடன்பாடு கண்டன. ஆனால் அரசு ஒப்புதல் வேண்டும் என்று ஒரு முடிச்சு. 2025ம் கழிந்தது, முடிச்சு அவிழவில்லை.

ஊழியர்கள் இனாம் கேட்டார்களா? கணக்குப் போடுவோம். தினம் 40 நிமிடம் கூடுதலாக வேலை செய்ய அவர்கள் சம்மதித்தார்கள். மாதம் 21 நாளுக்கு 840 நிமிடம், அதாவது 14 மணி. இரண்டு சனிக்கிழமை வேலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். விடுமுறைக்கு விலை கொடுத்தாயிற்று!

ஆகவே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆறு நாள் வேலையை ஐந்து நாளில் திணிப்பது முதல் படி. நேரத்தையே குறைப்பது அடுத்த படி. அது நடக்கக்கூடியதே. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 அரசு, நகரசபை ஊழியர்களுக்கு, சம்பளத்தில் ஒரு காசும் குறைக்காமல், 40 மணி வாரத்தை 35, 36 மணியாகக் குறைத்துப் பார்த்தார்கள். வீண் கூட்டங்களைச் சுருக்கினார்கள். பெரும்பாலான இடங்களில் வேலையின் அளவு குறையவில்லை. சில இடங்களில் கூடியது.

“சனிக்கிழமை மூடினால் கூலிக்காரர் எப்போது வங்கிக்கு வருவார்?” என்ற கேள்வி நியாயமானது. அதை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. வேலை நாட்களில் மாலையில் கூடுதல் நேரம் கவுன்டர் திறந்திருக்கட்டும். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடட்டும். க்யூவில் நிற்பவரும் கவுன்டருக்குள் இருப்பவரும் எதிரிகள் அல்ல. இருவரையும் வதைப்பது ஒரே ஆள் பற்றாக்குறை.

விடியற்காலையில் அடுப்பு மூட்டி, ரயில் பிடித்து, இரவில் மறுபடி அடுப்படிக்குப் போகும் பெண் ஊழியருக்கு அந்தச் சனிக்கிழமைதான் மூச்சு விடும் நாள். வீட்டு வேலையில் ஆண்கள் பங்கு கொள்ளாவிட்டால் அதுவும் அவருக்குக் கிடைக்காது. இதையும் நாம் நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

நேரத்தைக் குறை! சம்பளத்தைக் குறைக்காதே! காலியிடங்களை நிரப்பு! இம்மூன்றையும் சேர்த்தே கேட்போம். சங்கத்திற்குள் மட்டும் பேசாமல், க்யூவில் நிற்கும் மக்களிடமும் போய்ச் சொல்வோம்.