மே மாத லீவும் நம் பிள்ளைகளும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மே மாதம் வந்தாலே நமக்கு ஒரு பயம். நாம் வேலைக்குப் போன பிறகு பிள்ளைங்க கிணறு, கண்மாய்ப் பக்கம் போயிடுமோ என்று மனசு அடிச்சுக்கும். அதனால் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். அப்புறம் "எந்நேரமும் போன்தானா?" என்று நாமே திட்டுகிறோம். போனைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? வேறு ஒன்றைக் கையில் கொடுக்கணும்.

அதற்குக் காசு வேண்டாம். தரையில் வரிசைக்கு 7 வீதம் 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, பல்லாங்குழி தயார். கணக்கும் தானாக வரும். கரித்துண்டால் கோடு போட்டால் ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. பனை ஓலையில் காற்றாடி, களிமண்ணில் மாடு, சட்டி பானை செய்யலாம். ஆனால் சின்னக் குழந்தைகள் கையில் கொட்டை, கல் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

விளையாட்டு இருந்தாலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? பேங்குக்கு முறை வைத்துப் போகிறோம் அல்லவா, அதுபோல குழுவில் தினம் ஒருவர் எல்லார் பிள்ளைகளையும் மரத்தடியில் வைத்துப் பார்க்கலாம். "அன்னிக்குக் கூலி போயிடுமே" என்பீர்கள். மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருக்குக் கொடுப்போம். இதைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.

கடனுக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கிற நாம், பிள்ளைகளுக்கும் பொறுப்பேற்போம். எந்தெந்தக் குழு ஆரம்பித்தது என்று அடுத்த கூட்டத்தில் கேட்போம்.