எதற்காக நினைவில் நிற்கிறது?



'தி இந்து' நாளிதழில் பழைய படங்களைப் பற்றித் தொடர் எழுதிய ராண்டார் கை, எதற்காக அந்தப் படம் நினைவில் நிற்கிறது என்ற குறிப்போடு கட்டுரையை முடிப்பது வழக்கமாக இருந்தது. 1935இல் வந்த 'நந்தனார்' என்றால் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய். 1942 ஜெமினி படம் என்றால் தண்டபாணி தேசிகரின் குரல். இப்படித்தான் தமிழ் சினிமா நினைவு வைத்திருக்கிறது.

நெல்லிக்குப்பத்துக்காரர்களான நமக்குச் சிதம்பரம் தூரமில்லை. நம் நினைவு வேறு.

படத்தில் வரும் வேதியர் ஆண்டை சேக்கிழாரிடம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தவர். ஆண்டையைச் சேர்க்க முடிந்தவருக்கு நெருப்பை எடுக்க மனம் வரவில்லை.

கடைசிக் குறிப்பை நாமே எழுதுவோம்: கோயில் முரசுக்குத் தோல் கொடுத்தவர், உள்ளே போகத் தீயில் இறங்க வேண்டியிருந்தது.