ஒரு தந்தைவழியும் ஆயிரம் முன்னோரும்

மானிடவியல், மரபணுவியல், தொல்லியல் ஆகிய மூன்று துறையினரும் கூடியிருக்கும் இக்கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்தமைக்கு நன்றி. மனித உயிரியலைப் பற்றித் தேனியில் கூடினால் முதலில் நினைக்க வேண்டியவர் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோய்த்தடுப்பியல் பேராசிரியராக இருந்த அவரை, ஆதிமனிதனின் தடத்தைத் தேடியவர் என்றே பலரும் அறிவர். அவருடைய தேடல் தொடங்கியது நோயிலிருந்து. ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவரில் ஒருவருக்குக் காசநோய் முற்றுகிறது, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. காரணம் என்ன? கிருமியின் துணுக்குகளைத் தடுப்பாற்றல் அணுக்களுக்கு அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அவற்றுள் டி.ஆர்.2 என்ற வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தொடர்புண்டு என்று 1991இல் அவரது குழு எழுதியது. அந்த வகை இருந்தால் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை. வாய்ப்பு கூடும், அவ்வளவே.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் சமூகங்களில் இவ்வகைகளின் விகிதம் சமூகத்துக்குச் சமூகம் மாறும். ஒரு சமூகத்து நோயாளியை வேறு சமூகத்து நலமானவரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். மருத்துவக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் மக்கள் வரலாறும் தெரிந்தாக வேண்டும்.

2001இல் மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் குழுவினர், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமைக் கொண்டு மக்கள் வரலாற்றைத் தேடிய ஆய்வில் பிச்சப்பனும் பங்கேற்றார். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கண்ட எம்130 என்ற மரபுக் குறி, ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படும் ஆண்வழியைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த பழைய பயணத்தின் எச்சமாக அது கருதப்பட்டது. மனிதப் பயணத்தை மரபணுவில் தேட 2005இல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தின் இந்திய மையத்தையும் அவரே நடத்தினார்.

எம்130 குறி உடையவரை 'முதல் இந்தியர்' என்று சொல்லிச் செய்திகள் வந்தன. அதைச் சாதிப் பெருமையாக்கிக் கொண்டோரும் உண்டு. எளிய கணக்கொன்று சொல்கிறேன். பத்துத் தலைமுறைக்கு முன்னால் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள். அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டும் நம் ஊரில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் அமர்ந்திருப்பார், அது வேறு. அத்தனை இடங்களில் ஒய் குரோமோசோம் காட்டுவது ஒரே ஓர் ஆணை. பாட்டிகள் ஒருவரையும் அது அறியாது. அப்படிப்பட்ட ஒற்றைக் குறியை ஒரு சாதியின் பட்டாவாக எழுதிக்கொள்ள முடியுமா?

விடை அவரது குழுவின் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிக் குழுக்கள், 19 பிற சமூகங்கள் ஆகியவற்றின் 1,680 ஆண்களை ஆராய்ந்தது அது. பழங்குடிகளும் பிறரும் பெரும்பாலும் பகிர்ந்துகொள்வது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய இம்மண்ணின் ஆண்வழிகளையே. குழுக்கள் பிரியத் தொடங்கியது 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு, வேளாண்மை பரவிய காலத்தில் என்றது அக்கட்டுரை. சாதி முறைக்கு முந்தியது அப்பிரிவு.

இந்தத் தேனி மாவட்டத்தில் அந்த ஆய்வைத் தொடர நிறையவே இருக்கிறது. மலையில் பளியர், சமவெளியில் தமிழோடு தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்டவர்கள், 1895இல் முல்லைப் பெரியாற்று நீர் வந்தபின் மாறிய வயலும் குடியிருப்பும். 2006இல் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறிப்புள்ள நடுகற்கள் தொல்லியலின் சான்று. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க எந்த ஒரு துறையாலும் தனியே முடியாது.

கட்டுரை வாசிக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒரு மரபுக் குறியை எந்தச் சாதியின் பெயராலும் அழைக்காதீர்கள். ஆய்வுக்கு இரத்தம் தந்த ஊருக்குத் திரும்பிப் போய், கண்டதைத் தமிழில் சொல்லுங்கள். காசநோய் போன்ற நோய்கள் பற்றிய முடிவுகளை அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொடுங்கள். இவ்வேண்டுகோள்களோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.