ஏறுவோர் எவராயினும்

(எமது கல்லூரிப் பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாக்களில் அதிபர்களையும் கொடையாளரையும் நினைவுகூருவது வழக்கம். அது எமது கடமையும்கூட. இன்று எமக்குத் தரப்பட்ட இந்தச் சில நிமிடங்களில், கல்லூரியின் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர்கள் எம்மை ஏற்றி இறக்கியவர்கள்: வள்ளக்காரர், பாதைக்காரர், பஸ் நடத்துநர்.

வெளிநாடுகளில் பிறந்த எமது பிள்ளைகளும் இம்மலரை வாசிப்பார்கள் என்பதால் சற்று விளக்கிச் சொல்கிறோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள சிறு கடலில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நாம் ‘பாதை’ என்றே அழைப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, வாணர் பாலம் வழியாக வரும் வீதி, புங்குடுதீவின் மேற்குக் கரையில் குறிகட்டுவான் துறையோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நயினாதீவுக்குக் கால் மணி நேரக் கடல். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். சோளகம் பெயர்ந்தால் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளும் என்பதை நெடுந்தீவுத் தோழியர் அறிவர்.

அந்த வள்ளங்களில் ஏறாதவர் யார்? காலையில் பாடசாலைக்குப் போகும் ஆசிரியர், மீன் பெட்டியோடு வியாபாரி, கச்சேரி அலுவலுக்குக் கோவையோடு புறப்படும் முதியவர், தலைப்பிரசவத்துக்குப் போகும் பெண், கனடாவிலிருந்து வந்து ஒவ்வொரு அலையையும் படம் பிடிக்கும் குடும்பம், சில நாட்களில் பிரேதப் பெட்டியும் அழுதபடி அதன் உறவினரும். நயினாதீவு வள்ளத்தில் நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவரும் நாகவிகாரைக்கு வெள்ளை உடுத்து வந்த தென்பகுதிச் சிங்கள யாத்திரிகரும் ஒரே பலகையில் நெருங்கி அமர்வார்கள். ஒரு சாரார் கோவில் துறையில் இறங்குவர். மறு சாரார் விகாரைத் துறையில் இறங்குவர். இரு சாராரிடமும் அவரவர் மொழியில் “தலையைக் குனிந்து ஏறுங்கோ” என்று சொல்பவர் ஒரே வள்ளக்காரர்தான். அந்தச் சிங்களத்தை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

இந்தத் தொழிலின் தன்மை என்னவெனில், ஏறுபவரைத் தொழிலாளி தெரிவு செய்வதில்லை. வள்ளத்துக்கு வருபவர் யாராக இருந்தாலும் ஏற்றவேண்டும், பத்திரமாக இறக்கவேண்டும். அதனால் அவர்களுக்கு முகம் பார்க்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. யாருக்குத் தலை சுற்றும், யார் பயந்திருக்கிறார், யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதை ஏறும்போதே கண்டுகொள்வார்கள்.

இந்தத் தொழிலுக்குத் தீவகம் கொடுத்த விலையும் உண்டு. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த ‘குமுதினி’ நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள், பெண்கள், முதியோர் என 20 இற்கும் அதிகமானோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. அதே குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் அதே கடலில் ஓடியது. வேறு வழியில்லாத மக்கள் அதில் ஏறினார்கள். அவர்களை ஏற்றிச் செல்லவும் ஆட்கள் இருந்தார்கள். 1990 இல் எமது ஊர்கள் இடம்பெயர்ந்தபோது நாம் ஆரம்பப் பிரிவு மாணவிகள். பிற்காலத்தில் நாம் மருத்துவம் படித்ததும் தீவுகளுக்குத் திரும்பி வந்து பணியாற்றியதும் இப்படிப்பட்டவர்கள் தொழிலை விடாததால்தான்.

இனி ஒரு வைத்தியராகச் சில வார்த்தைகள். பாரிசவாதம் ஏற்பட்ட ஒருவருக்கு, மூளையின் இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு முன் சி.ரி. ஸ்கான் எடுக்கவேண்டும். நெடுந்தீவில் ஒருவருக்கு வாய் கோணினால், படகு ஒழுங்காக ஒரு நேரம், கடலில் ஒரு மணி, குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியில் ஏறத்தாழ இன்னொரு மணி என்று கணக்குப் பாருங்கள். மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் காப்பாற்றுவது முதலில் காணும் கண்.

நாம் தீவுப்பகுதியில் கடமையாற்றிய காலத்தில், வள்ளத்தில் வந்த ஒரு மூதாட்டியை அம்புலன்ஸ் துறையிலேயே காத்திருந்து ஏற்றிச் சென்றது. உரிய நேரத்துக்குள் அவர் யாழ்ப்பாணம் சேர்ந்தார். பின்னர் நடந்தே வீடு திரும்பினார். 1990 இலக்கத்துக்கு நடுக்கடலிலிருந்து அழைப்பெடுத்தவர் வள்ளத்தில் காசு சேர்க்கும் இளைஞர். எப்படி அறிந்தாய் தம்பி என்று கேட்டோம். “டொக்டர், அந்த ஆச்சி எப்பவும் காசை எண்ணித்தான் தருவா. இண்டைக்குச் சில்லறை கையிலயிருந்து விழுந்திட்டுது. குனிஞ்சு எடுக்கவும் பாக்கேல்லை. அதுதான் ஏதோ பிழையெண்டு பட்டது” என்றார். அந்த ஆச்சியின் வழக்கமான நாளை அவர் அறிந்திருந்தார். எமது வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்த அறிமுகம் எமக்கு வாய்ப்பதில்லை.

இது தீவகத்துக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் பஸ் ஓட்டும் எமது சகோதரர், ரொறன்ரோவில் ராக்சி ஓட்டும் மைத்துனர், விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளும் எமது பழைய மாணவி, இவர்களும் நாள்தோறும் உலகத்தின் எல்லா வகை மனிதரையும் எதிர்கொள்பவர்களே. ஊருக்கு எழுதும்போது ‘கொம்பனியில் வேலை’ என்று சுருக்கிச் சொல்லவேண்டிய தொழில் அல்ல அது. பிள்ளைகளுக்கு அதை நிமிர்ந்து சொல்லுங்கள்.

நிறைவாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாக மண்டபமும் வளைவும் எழுப்புவது நல்லதே. அவற்றோடு, ஆண்டுதோறும் ஆனியில் நயினை அம்மன் திருவிழாவுக்கு முன்னர் ஒரு நாள், எமது கல்லூரி மண்டபத்தில் வள்ளம், பாதை, பஸ் தொழிலாளருக்கு முதலுதவிப் பயிற்சி நடத்துவோம். பாரிசவாதத்தின் அறிகுறிகளான முகக் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல்; இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தும் முறை; நீரில் மூழ்கியவருக்குச் செய்யவேண்டியவை. ஒரு நாளில் இவற்றைக் கற்பிக்கலாம். அன்று அவர்கள் இழக்கும் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். கற்பிக்க எமது பழைய மாணவிகளில் வைத்தியர்களும் தாதியரும் போதிய அளவில் இருக்கிறோம். வள்ளங்களுக்கு உயிர்காப்பு அங்கிகள் வாங்கித்தர விரும்பும் வெளிநாட்டுக் கிளைகள் அதையும் செய்யலாம்.

பயிற்சி கொடுக்கப் போகும் நாமும் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. ஏறுபவர் யாரென்று கேளாமல் முகத்தைப் பார்க்கும் அந்தப் பழக்கத்தைக் கற்போம்.

எமது கல்லூரி அன்னை மேலும் பல்லாண்டு வாழ்க.