வீடு திரும்பாத காலப் பயணி

"அன்றைக்கு மட்டும் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்!" என்று ஏங்காதவர் நம்மில் யார்? அந்த ஏக்கத்தையே கதையாக்கிய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி, குறிப்பாக அதன் கடைசிப் பருவத்தைப் பற்றி, இன்று பேசுவோம். தொடரின் பெயர் 'குவாண்டம் லீப்'. என்.பி.சி. நிலையத்தில் 1989 மார்ச் 26 முதல் 1993 மே 5 வரை ஒளிபரப்பாயிற்று. அங்கே ஒரு தொடரைச் சில மாதங்கள் வாரந்தோறும் காட்டி, இடைவெளி விட்டு, மறுபடியும் தொடங்குவார்கள். அந்த ஒரு சுற்றைத்தான் பருவம் என்கிறோம். இத்தொடருக்கு ஐந்து பருவங்கள்.

கதைத் தலைவர் சாம் பெக்கெட் ஒரு விஞ்ஞானி. ஸ்காட் பக்குலா நடித்தார். மனிதனின் வாழ்நாள் ஒரு நூல் என்பது சாமின் கொள்கை. ஒரு முனை பிறப்பு, மறுமுனை இறப்பு. இரண்டையும் முடிந்து, நூலை உள்ளங்கையில் வைத்துச் சுருட்டினால், என்றோ கழிந்த ஒரு நாள் இன்னொரு நாளைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அங்கிருந்து இங்கே தாவிவிடலாம் என்கிறார். நூல் சிக்கு எடுத்துப் பழகிய நம் தாய்மார்களுக்கு இது உடனே விளங்கும். அறிவியல் இதை ஏற்குமா என்பது வேறு பேச்சு.

சோதனை முற்றுப்பெறும் முன்பே அவர் கருவிக்குள் புகுந்துவிடுகிறார். அன்று முதல் ஒருவர் வாழ்விலிருந்து இன்னொருவர் வாழ்வுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் வேறு யாருடைய முகமோ தெரியும். அங்கே நேரவிருக்கும் கேட்டைத் தடுத்தால்தான் அடுத்த தாவல். அடுத்தது வீடாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நம்புவார். வீடு வராது. துணைக்கு வருபவர் நண்பர் அல். அவர் சாமின் கண்ணுக்கு மட்டும் தெரியும் நிழலுரு. டீன் ஸ்டாக்வெல் நடித்த பாத்திரம் இது.

1992 செப்டம்பரில் ஐந்தாம் பருவம் தொடங்கியபோது, பார்ப்போர் தொகையைக் கூட்டியாக வேண்டிய நெருக்கடி இருந்தது. அதனால் புகழ்பெற்றவர்களின் வாழ்க்கைக்குள் சாமை அனுப்பினார்கள். முதற்கதையே கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டு பற்றியது. சாம் அதிபரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதிபரின் மனைவி உயிர் தப்புகிறார். முன்பு நடந்தபடி அவரும் அன்றே இறந்திருக்க வேண்டும் என்கிறது கதை. நாம் அறிந்த வரலாறே திருத்தப்பட்ட வரலாறுதான் என்பது நல்ல கற்பனை. எனினும் மர்லின் மன்றோ, எல்விஸ் பிரெஸ்லி என்று பெரிய பெயர்களைத் தேடி ஓடியதில், பழைய கதைகளில் இருந்த சாதாரணக் குடும்பங்களின் வாசம் குறைந்தது என்றே நாம் கருதுகிறோம்.

கடைசிக் கதை அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன், 1990இல் வந்த ஒரு கதையைச் சொல்லவேண்டும். நண்பர் அல் கடற்படை விமானி. வியட்னாம் போரில் சிறைப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். கணவர் இறந்துவிட்டார் என்று எண்ணி மனைவி பெத் மறுமணம் செய்துகொண்டார். அக்கதையில் சாம் 1969ஆம் ஆண்டுக்குப் போகிறார். "அவளிடம் சொல், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்" என அல் மன்றாடுகிறார். அது நம் வேலையன்று, விதிமுறைக்கு மாறானது என்று சாம் மறுத்துவிடுகிறார். அல் தம் மனைவியோடு நடனமாடுகிறார். அவர் இருப்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இனிக் கடைசிக் கதை. 1953 ஆகஸ்ட் 8, சாம் பிறந்த நாள். பென்சில்வேனியா மாநிலத்தில் கோக்பர்க் என்னும் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூர். தொடரைப் படைத்த டொனால்ட் பெல்லிசாரியோவின் சொந்த ஊரும் அதுவே. சுரங்கத் தொழிலாளர் கூடும் மதுக்கடைக்குள் சாம் நுழைகிறார். கண்ணாடியைப் பார்க்கிறார். இம்முறை தெரிவது அவருடைய சொந்த முகம்! சற்று நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதுகிறது. மண்ணுக்குள் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். வேளை தவறி ஆலைச் சங்கு ஊதினால் லயத்துப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவதை அறிந்த நமக்கு, அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் சாதாரண மனிதர் அல்லர். சாமை இப்படி அலைய வைப்பது சாமே என்கிறார் அவர். விரும்பினால் வீட்டுக்குப் போகலாம். நான்காண்டாகச் சாம் ஏங்கியது இதற்குத்தானே? ஆனால் திருத்தாமல் விட்ட ஒரு பிழை அவர் நெஞ்சை உறுத்துகிறது. வீட்டுக்குப் போகாமல் 1969க்கே மறுபடி போகிறார். பெத்தின் எதிரில் நின்று, அல் உயிரோடிருக்கிறார், திரும்பி வருவார் என்று சொல்கிறார். அம்மாளின் கண்களில் நீர் வழிகிறது. அவ்வளவுதான் காட்சி.

பிறகு கருந்திரையில் எழுத்துகள் வருகின்றன. பெத் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அல்லுக்கும் அவருக்கும் நான்கு பெண்மக்கள். சாம் பெக்கெட் வீடு திரும்பவே இல்லை. அந்த வரியில் அவர் பெயரைக்கூட ஓர் எழுத்துக் குறைத்துப் பிழையாகப் போட்டுவிட்டார்கள்! பார்த்தவர்களில் பலருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. வந்தவரை வீட்டில் கொண்டுசேர்க்காமல் விட்டது கொடுமை என்றார்கள். அவர்கள் வருத்தம் நமக்கும் புரிகிறது. ஆனால் சாம் அன்று வீட்டுக்குப் போயிருந்தால் நண்பரின் வீடு வெறுமையாகவே இருந்திருக்கும்.

2022இல் அதே பெயரில் புதுத் தொடர் ஒன்று வேறு நாயகனோடு தொடங்கி, இரண்டு பருவங்கள் ஓடி, 2024இல் நின்றது. ஸ்டாக்வெல் 2021இல் காலமாகிவிட்டதால் அதில் அல் இறந்துபோனவர். ஆனால் பெத் வந்தார், 1990இல் நடித்த அதே சூசன் டயோல் நரைகூடிய தாயாக. அவருடைய மகள் ஒருத்தியும் கதையில் இருந்தாள். சாம் போய்ச் சொல்லியிராவிட்டால் பிறந்தே இருக்கமாட்டாதவள். சாம் அப்போதும் வந்துசேரவில்லை.