படிகத்தைப் பிரித்த இடுக்கி

புளியிலும் திராட்சையிலும் உள்ள டார்டாரிக் அமிலத்தை நீரில் கரைத்து, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதனூடே செலுத்தினால், அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பும். அதே அணுக்களை அதே எண்ணிக்கையில் கொண்ட ரசிமிக் அமிலமோ ஒளியைத் திருப்புவதே இல்லை. 1848இல் பாரிஸில் 25 வயது லூயி பாஸ்டர் அதன் உப்புப் படிகங்களை உற்றுப் பார்த்தார். பொருளும் கண்ணாடி பிம்பமும் போல இரண்டு வகை! இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்து, தனித்தனியே கரைத்தார். ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பியது. மற்றது அதே அளவு இடப்பக்கம். என்ன பொறுமை அந்த இளைஞருக்கு!

ஒளியைத் திருப்புவது படிகத்தின் குணம்தானே என்று கேட்கலாம். குவார்ட்ஸுக்கு அது பொருந்தும். உருக்கினால் அந்தத் திறன் போய்விடும். டார்டாரிக் அமிலமோ படிகம் கரைந்த பிறகும் ஒளியைத் திருப்புகிறது. எனவே வேறுபாடு மூலக்கூறுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். தாளில் தட்டையாக எழுதும் வாய்பாட்டில் அதற்கு இடமில்லை. 1874இல் டச்சு இளைஞர் வாண்ட் ஹாஃப் வழி காட்டினார்: கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி நீள்கின்றன, நான்கிலும் வெவ்வேறு தொகுதிகள் அமைந்தால், இடக்கை வலக்கை போல ஒன்றோடொன்று பொருந்தாத இரு வடிவங்கள் பிறக்கும். இது வெறும் கற்பனை என்று ஜெர்மானியப் பேராசிரியர் கோல்பே 1877இல் கடுமையாகச் சாடினார். ஆனால் நம் மூக்கே இதற்குச் சாட்சி: கார்வோன் என்ற பொருளின் ஒரு வடிவம் புதினாவாக மணக்கிறது, அதன் எதிர்வடிவம் சீமைச் சோம்பாக மணக்கிறது.